தபால் பாதையில் நடந்தவள்

டன்டினோங், மெல்பேர்ன்
26 மே 2024

அன்புள்ள மகள் சிவாஜினிக்கு,

இது அப்பா எழுதுவது. உன் அம்மா எழுதவில்லை. பக்கத்து வீட்டுப் பாஸ்கரும் எழுதவில்லை. நானே என் கையால் எழுதுகிறேன். இந்த வரியை எழுதிவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அப்படியே இருக்கிறது. வாசிக்கவும் முடிகிறது!

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கதவு திறந்து கதிரை அடுக்கிக் கொடுக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். இந்த வருடம் பள்ளிக்கூடம் தொடங்கியதில் இருந்து, கதிரை அடுக்கிய பிறகு வீட்டுக்கு வராமல் வினுஷா ரீச்சரின் பாலர் வகுப்பில் பின்னால் இருந்துவிடுகிறேன். அந்தக் கதிரையில் இருந்தால் என் முழங்கால் நாடியில் முட்டும். பக்கத்தில் வர்ஷா என்று ஐந்து வயதுப் பிள்ளை. என் கொப்பியை எட்டிப் பார்த்து, "நித்தி அங்கிள், உங்கட 'அ' ஏன் படுத்திருக்கு?" என்றாள். "அது வேலைக்குப் போட்டு வந்த களைப்பு" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. ரீச்சரும் சிரித்தா.

ஏழு வயதில் கடலுக்குப் போனவன் நான். எழுத்து வேலை எல்லாம் உன் அம்மாவுடையது. வந்த கடிதத்தை வாசிப்பவளும் அவள், போகிற கடிதத்தை எழுதுபவளும் அவள். தம்பி யதுர்சனின் கலியாணத்தோடு நீங்கள் இருவரும் பேச்சை விட்டீர்கள். "பிள்ளைக்கு நாலு வரி எழுதன்" என்று கேட்டேன். "எனக்கு எழுத ஒண்டும் இல்லை. உங்களுக்கு இருந்தா நீங்கள் எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டாள். சரி என்று எழுதப் பழகிவிட்டேன்.

நீ முகவரி எழுதித் தந்த மூன்று உறைகளில் இது முதலாவது. நீ நடக்கப் போகும் கனடாக் காட்டில் போன் வேலை செய்யாது, மூன்று தங்குமிடங்களில்தான் கடிதம் வைத்திருப்பார்கள் என்று நீ சொன்னபோது மற்றவர்கள் பயந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். எழுத ஓர் ஆள் கிடைத்ததே! ஆபத்துக்கு மட்டும் உன் செய்மதிக் கருவிக்குச் செய்தி அனுப்பலாம் என்றாய். அதற்குத் தேவை வராது.

கரடியைக் கண்டால் ஓடாதே என்று பாஸ்கர் சொல்கிறான். அவன் கரடியைக் கண்டதில்லை. இருந்தாலும் ஓடாதே.

அம்மா சுகம். வயிற்றில் கொஞ்சம் எரிவு என்கிறாள். கேட்டால் ஒன்றும் இல்லை என்கிறாள்.

இப்படிக்கு,
அப்பா

(இதுவும் நானே எழுதியது.)


ஒட்டர் லேக்
17 ஜூன்

அன்புள்ள அப்பா,

கடைக்காரி நீட்டிய உறையில் இருந்தது என் எழுத்து. உள்ளே அம்மாவின் எழுத்து இருக்கும் என்று நினைத்து, பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிரித்துப் பார்த்தால் நீங்கள்! முதுகுப்பையோடு கடை வாசலிலேயே இருந்துவிட்டேன். "கெட்ட செய்தியா?" என்று கடைக்காரி கேட்டாள். "இல்லை, என் அப்பாவுக்கு எழுதத் தெரிந்துவிட்டது" என்றேன். அவள் ஒரு சொக்கிளேட் தந்தாள், இலவசமாக.

நீங்கள் வாசிப்பதற்காகப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

அப்பா, இந்தப் பாதை உங்களுக்குப் பிடிக்கும். நூறு வருடத்துக்கு முன்னர் இந்த வட கனடாக் காட்டுக்குள் தபால்காரர்கள் நாய்வண்டியில் கடிதம் கொண்டுபோன வழி இது. மரங்களில் வழிக்குறி கோடாலியால் கொத்தியிருக்கிறார்கள். அது என் தலைக்கு மேலே, கை எட்டாத உயரத்தில் இருக்கிறது. எந்தப் பூதம் கொத்தியது என்று முதல் நாள் யோசித்தேன். பிறகுதான் விளங்கியது, அவர்கள் ஆள் உயரப் பனியின் மேல் நின்று கொத்தியிருக்கிறார்கள். இப்போது கோடை. பனி எல்லாம் சேறாகவும் நுளம்பாகவும் மாறியிருக்கிறது. வாய் திறந்தால் நுளம்பு. சோற்றிலும் நுளம்பு.

ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம்தான் எங்கும். ஒல்லியாக, கறுப்பாக, வரிசை குலைந்து நிற்கும். நிலம் முழுக்கப் பாசி. மிதித்தால் மெத்தை போல அமிழும். கூடாரம் அடித்தால் முளை நிற்காது. சாப்பாட்டுப் பையைக் கரடிக்குப் பயந்து தூரத்து மரத்தில் கட்டித் தூக்க வேண்டும். நான் ஒளித்துக் கொண்டுவந்த நெத்தலிக் கருவாட்டைக் கூட நடக்கும் மார்கிட் என்ற கிழவி மணந்து கண்டுபிடித்துவிட்டாள். "இந்தக் காட்டில் உள்ள கரடி எல்லாவற்றுக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறாய்" என்று கத்தினாள். அன்றைக்கே பொரித்து இருவரும் சாப்பிட்டு முடித்தோம். அவளுக்கும் பிடித்தது.

இதை நானும் தனோஜனும் நடப்பதாக இருந்தோம். அவர் விபத்தில் போய் இரண்டு வருடம். வரைபடத்தில் அவர் பென்சிலால் எழுதிய "இங்கே மீன் பிடிக்கலாம்" எல்லாம் அப்படியே இருக்கிறது. மீன் பிடிக்க எனக்குத் தெரியாது. அந்த இடங்களில் நின்றுவிட்டுப் போகிறேன்.

அம்மாவைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? என் தம்பிக்கு ஆலாத்தி எடுக்க நான் தட்டைத் தூக்கினேன். வாழைப்பழத் துண்டில் திரிகள் எரிந்துகொண்டிருந்தன. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, "நீ வேண்டாம் பிள்ளை, வை" என்றார். மண்டபம் முழுக்கப் பார்த்தது. புருஷன் இல்லாதவள் தொட்டால் தம்பி வாழ்க்கை கெட்டுவிடும் என்று யாரோ ஒரு மாமி நினைத்திருந்தால் எனக்குக் கவலையில்லை. என் அம்மா நினைத்தார்.

வயிற்று எரிவுக்கு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
சிவா


டன்டினோங்
7 ஜூலை

அன்புள்ள சிவாவுக்கு,

உன் கடிதத்தை நான் வாசித்தேன். நானே வாசித்தேன். குசினியில் நின்ற அம்மா, "என்னவாம்?" என்றாள். "உனக்கு எழுத ஒண்டும் இல்லையெண்டு சொன்னனி. கேக்க மட்டும் இருக்கோ?" என்றேன். அகப்பையால் அடிக்க வந்தாள். பிறகு பக்கத்தில் வந்து இருந்தாள். நுளம்பு, கருவாடு, மார்கிட் எல்லாம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கருவாட்டுக்குச் சிரித்தாள். ஆலாத்தி வந்த இடத்தில் நான் நிறுத்தினேன். "விடாதேங்கோ. அதையும் வாசியுங்கோ" என்றாள். வாசித்தேன்.

சிவா, இனி எழுதப்போவதை எழுத எனக்கு மூன்று கடதாசி பழுதாகிவிட்டது. இது நாலாவது.

அம்மாவை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பிறகு பெரிய ஆஸ்பத்திரி. கணையத்தில் புற்றுநோயாம். ஈரலுக்கும் பரவிவிட்டது, வெட்ட முடியாது என்கிறார்கள். எவ்வளவு காலம் என்று கேட்டேன். மொழிபெயர்க்க வந்த பெண் பிள்ளை கீழே பார்த்துக்கொண்டு, "சில மாதம், சில வேளை அதுவும் இல்லை, ஐயா" என்றாள். அம்மா அவளிடம், "நீர் எந்த இடம் பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் உடனே சிட்னியில் இருக்கும் யதுர்சனிடம் சொல்லி உன் கருவிக்குச் செய்தி அனுப்பச் சொல்லப் போனேன். அம்மா போனைப் பிடித்துக்கொண்டாள். "புதுசாக் கலியாணம் செய்த பிள்ளை. அவனுக்கு வயித்துப் புண் எண்டு சொல்லுங்கோ. அவளுக்கு அந்தக் கருவியிலை ஒண்டும் அனுப்ப வேண்டாம். அம்மா சாகக் கிடக்கிறா எண்டால் ஆரும் ஓடித்தான் வருவினம். அது தானா வாறதில்லை, நாங்கள் இழுத்துக்கொண்டு வாறது. நீங்கள் எழுதுங்கோ. என்னைப் பாக்க மனமிருந்தால் கடிதத்தைப் பாத்திட்டு வரட்டும்" என்றாள்.

அதனால் எழுதுகிறேன். உண்மையைச் சொன்னால் அவள் "நீங்கள் எழுதுங்கோ" என்றபோது எனக்கு அந்த நேரத்திலும் ஒரு பெருமை வந்தது. வீட்டில் பெரிய விஷயம் ஒன்றை எழுதும் ஆள் நான் ஆகிவிட்டேன்.

அன்றைக்கு மண்டபத்தில் நடந்ததையும் அவளிடம் கேட்டேன். உனக்குப் பின்னால் பெண் வீட்டுச் சனம் இரண்டு பேர் குசுகுசுத்தார்களாம். "அவளவை வாய் திறந்து என்ர பிள்ளையைச் சொல்ல முதல் நான் தடுத்தன். நான் சொன்னால் தாய் சொன்னது. அவளவை சொன்னால் அது வேறை" என்றாள். அது சரியா பிழையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

நீ ஜூலைக் கடைசியில் கிரேன் லாண்டிங் போவாய் என்றாய். இது அதற்கு முன்னமே அங்கே போய் உனக்காகக் காத்திருக்கும் என்று தபால் கந்தோர்ப் பிள்ளை சொன்னான்.

வா, பிள்ளை.

அப்பா


வெள்ளைக்கல் விடுதி
4 ஓகஸ்ட்

அன்புள்ள அப்பா,

இது மூன்றாவது தங்குமிடம்! இரண்டாவதைக் காணவே இல்லை. காட்டுத்தீ. இரண்டு நாள் சூரியன் செம்மஞ்சள் குண்டு போல நின்றது, சாம்பல் கூடாரத்தின் மேல் விழுந்தது. பிறகு வனத்துறை ஆட்கள் வந்து நடைக்காரர் எல்லோரையும் படகில் ஏற்றி ஆற்றுவழியாக இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். பயப்படாதீர்கள். இந்தப் பக்கம் தீ இல்லை. கிரேன் லாண்டிங் கடையைப் பூட்டி ஆட்களையும் வெளியேற்றிவிட்டார்கள். உங்கள் கடிதம் அங்கே ஒரு பையில் கிடக்கும். பாதை திறந்ததும் அனுப்பிவைப்பார்களாம். நீங்கள் பாடுபட்டு எழுதியது, அதுதான் கவலை. வந்ததும் ஆறுதலாக வாசிப்பேன்.

அப்பா, ஒன்று சொல்ல வேண்டும். தீக்கு முதல் நாள் ஓர் ஓடையைக் கடக்க இறங்கினேன். மார்கிட் பின்னால் இருந்து என் பையைப் பிடித்து இழுத்து விழுத்திவிட்டாள். சேற்றில் கிடந்து அவளைத் திட்டினேன், தமிழில். "தண்ணி உன்னைக் கொண்டுபோய்விடும். நீ திட்டு, பரவாயில்லை" என்றாள். தண்ணீர் என் தொடைக்குத்தான் வரும். அவள் பயந்தது பிழை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். அது அம்மாவின் முகம். மண்டபத்தில் என் கையைப் பிடித்தபோது இருந்த அதே முகம். அன்றைக்கு அதை வெறுப்பு என்று நினைத்தேன். அது பயம்.

அம்மா செய்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன். எப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் பேசாமல் இருந்து எனக்கும் களைத்துவிட்டது. ஒக்ரோபரில் வந்ததும் நேரே வீட்டுக்கு வருவேன், கிளேட்டனில் உள்ள என் இடத்துக்குப் போகாமல். முதலில் நன்றாகச் சண்டை பிடிப்பேன். பிறகு அவர் கையால் சாப்பிடுவேன். இப்போது சொல்ல வேண்டாம். அவசரமில்லை. நானே வந்து சொல்கிறேன்.

நாளை மறுபடி நடக்கத் தொடங்குகிறோம். கடைசித் துண்டு இது. தனோஜன் வரைபடத்தில் இதற்கு மட்டும் ஒன்றும் எழுதவில்லை. இதை நான் முதலாவது ஆளாகப் பார்க்கப் போகிறேன்.

அன்புடன்,
சிவா


டன்டினோங்
11 ஓகஸ்ட்

சிவா,

உன்னிடம் இருந்து பதில் இல்லை. கிரேன் லாண்டிங்கில் நீ வாசித்திருப்பாய் என்று கணக்குப் பார்க்கிறேன். இது மூன்றாவது உறை. உறையும் முடிந்துவிட்டது.

அம்மாவை முன் அறையில், சன்னலடியில் படுக்க வைத்திருக்கிறேன். தபால்காரனின் வண்டிச் சத்தத்தை எனக்கு முன்னர் அவள் கேட்டுவிடுவாள். "வந்திட்டான், போய்ப் பாருங்கோ." போய்ப் பார்ப்பேன். ஒரு நாள் மின்சார பில். ஒரு நாள் கடைக்காரனின் விளம்பரம். அதைக் கையில் வாங்கி, "கோழி மலிவாப் போட்டிருக்கிறான்" என்று வாசித்துவிட்டுத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

பதில் வராததால் நேற்று மறுபடி கேட்டேன். "யதுர்சனைக் கொண்டு அந்தக் கருவியிலை அனுப்புவமே?" கண்ணை மூடிக்கொண்டு, "கடிதம் போனது தானே. வாசிச்சிருப்பாள். விடுங்கோ" என்றாள். நான் அவளுக்குத் தெரியாமல் அனுப்பலாம். அனுப்பினால், நீ வந்து நிற்கும்போது உன்னை நான் இழுத்து வந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அனுப்பாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என்ன செய்வது என்று கேட்க இந்த வீட்டில் எனக்கு அவள் ஒருத்திதான்.

கோபம் என்றால் கோபம் என்று எழுது. வரமாட்டேன் என்றாலும் அதையாவது எழுது. நான் வாசிப்பேன்.

அப்பா


கிளேட்டன்
13 ஒக்ரோபர்

அப்பா,

வியாழக்கிழமை ஒரு பெரிய உறை வந்தது. பாதை திறந்து, கிரேன் லாண்டிங் தபாலும் வெள்ளைக்கல்லுக்கு வந்ததாம், அங்கிருந்து சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். அதற்குள் உங்கள் இரண்டு கடிதமும் இருந்தன.

யதுர்சனின் செய்தி ஓகஸ்ட் பதினேழாம் திகதி வந்தது. "அம்மா ஆஸ்பத்திரியில். கடுமை. உடனே வா." புகையில் விமானம் இறங்க முடியாமல் காத்திருந்தேன். நான் மெல்பேர்ன் வந்து சேர அம்மா போய்விட்டார். எல்லாம் திடீரென்று நடந்தது என்று நினைத்துத்தான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். முப்பத்தொன்றாம் நாள் கிரியை வரைக்கும் உங்களோடு அந்த வீட்டில் இருந்தேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா என்னை வரச்சொல்லிக் கேட்டதையும் சொல்லவில்லை, என் பதிலுக்குக் காத்திருந்ததையும் சொல்லவில்லை.

கருவி என் இடுப்பில் இருந்தது, அப்பா. ஆறு கிழமை. ஒரு செய்தி. தம்பிக்குத் தெரியக்கூடாது என்றால் பாஸ்கர் அண்ணையிடம் சொல்லியிருக்கலாம். அம்மா பிடிவாதக்காரி, விட்டுவிடுங்கள். நீங்களுமா? உங்களுக்கு எழுத வந்துவிட்டது என்பதற்காகவா?

போன் எடுக்க வேண்டாம். நான் பேசமாட்டேன். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். நான் கடிதத்தை வாசித்துவிட்டும் வராமல் விட்டேன் என்று நினைத்துக்கொண்டா அம்மா போனார்?

சிவாஜினி


டன்டினோங்
19 ஒக்ரோபர்

அன்புள்ள மகள் சிவாஜினிக்கு,

ஓம். அப்படி நினைத்துக்கொண்டுதான் போனாள்.

நீ வெள்ளைக்கல்லில் இருந்து எழுதிய கடிதம் அவள் கண் மூடிய அடுத்த நாள் வந்தது. தபால்காரன் வண்டியை நிறுத்தியபோது வீடு முழுக்கச் சனம். நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டு வாசித்தேன். "அவசரமில்லை" என்ற இடத்துக்கு மேல் அன்றைக்கு வாசிக்க முடியவில்லை. நீ என் கடிதத்தைக் காணவே இல்லை என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். அடுத்த நாள் நீ வந்து இறங்கினாய். உன் சப்பாத்தில் காட்டுச் சேறு காய்ந்திருந்தது. அந்தக் கோலத்தில் நின்ற உனக்கு எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்வோம், எட்டாம் நாளுக்குப் பிறகு சொல்வோம், முப்பத்தொன்றுக்குப் பிறகு சொல்வோம் என்று விட்டேன்.

எழுத வந்துவிட்டது என்பதற்காகவா என்று கேட்டாய். அதுவும்தான். என் எழுத்து உன்னைக் கொண்டுவரும் என்று நம்பினேன். அம்மா சொன்னதைத் தட்டாமல் இருந்தேன் என்று வெளியில் சொல்லலாம். உனக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

அவள் உன்னைப் பற்றிக் கடைசியாகச் சொன்னதைக் கேள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு முதல் நாள். அன்றைக்கும் தபால் வந்து போய்விட்டது. "இஞ்சாருங்கோ, அவள் வராமல் விட்டது சரிதான். நானெண்டாலும் வந்திருக்க மாட்டன். என்ர பிள்ளையல்லோ" என்று சொல்லிச் சிரித்தாள். கசந்து சிரித்தாளா, உண்மையாகவே சிரித்தாளா என்று இத்தனை வருடம் கூட வாழ்ந்த எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். அதன் பிறகு உன்னைப் பற்றிப் பேசவில்லை.

இந்தக் கடிதத்தை முதலில் வேறு மாதிரி எழுதினேன். உன் கடிதம் அவள் கண் மூட முதல் நாளே வந்துவிட்டது, நான் வாசித்துக் காட்டினேன், "வரட்டும், வந்து சண்டை பிடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள் என்று எழுதினேன். நன்றாக வந்தது. வினுஷா ரீச்சர் பார்த்திருந்தால் ஒரு பிழையும் கண்டுபிடித்திருக்க மாட்டா. வாசித்துப் பார்த்து நானே அழுதேன். பிறகு கிழித்துவிட்டேன். அது உனக்கு இரண்டு நாள் நித்திரை தந்திருக்கும். ஆனால் அந்தப் பொய் என் கையெழுத்தில் உன்னிடம் இருந்திருக்கும்.

இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கதிரை அடுக்கிவிட்டு வகுப்பில் இருக்கவில்லை. "அங்கிள், ஏன் போறீங்கள்?" என்று வர்ஷா கேட்டாள். "ஒரு கடிதம் குடுக்க வேணும்" என்றேன். "போஸ்ட் பண்ணலாம்தானே?" என்றாள். "ஏலாது பிள்ளை" என்றேன்.

மனமிருந்தால் வரட்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் உன்னை விட்டோம். உன் மனதுக்கு உனக்கே தெரியாமல் பரீட்சை வைத்தோம். நான் இனி அப்படிச் செய்யமாட்டேன். கோபத்தோடு வா என்றோ ஆறிய பிறகு வா என்றோ எழுதப்போவதில்லை. நான் வருகிறேன்.

ரயிலில் வந்தேன். கிளேட்டன் ஸ்டேஷன் என்று பலகையில் இருந்ததைப் பார்த்து இறங்கினேன். அது இங்கிலீஷ், எனக்குத் தெரியாது, ஆனால் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் உன் கடித உறையின் பின்பக்கத்தில் பார்த்தவை. இந்தக் கடைசி வரிகளை உன் வீட்டுப் படியில் இருந்து, முழங்காலில் வைத்து எழுதுகிறேன். உள்ளே கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்கிறது. மணி அடித்தால் நீ திறக்க மாட்டாய் என்று தெரியும். அதனால் இதைக் கதவுக்குக் கீழால் தள்ளிவிடுகிறேன்.

பேச வேண்டாம். திட்டுவதென்றால் திட்டு. நான் போகமாட்டேன்.

கதவைத் திற, பிள்ளை.

அப்பா